கெட்டி அட்டை போட்ட கை

ஜாம் பாட்டிலின் மூடி திறக்கவில்லை.

பைண்டர் அதை வலது கையால் திருகினார். கட்டை விரலுக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், சுரீர் என்று ஏதோ இழுத்தது. இடது கைக்கு மாற்றினார். அந்தக் கை பிறந்ததிலிருந்து ஒரு வேலைக்கும் போனதில்லை. மூடி எந்தப் பக்கம் திறக்கும் என்பதே அதற்குத் தெரியவில்லை. துணியைச் சுற்றித் திருகினார். கதவிடுக்கில் வைத்துத் திருகினார். கதவில் கீறல் விழுந்ததுதான் மிச்சம். கடைசியில் ரொட்டியை வெறுமனே மென்றுகொண்டு பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாடி வீட்டு டீச்சரிடம் கொடுத்தால் திறந்து தந்திருப்பார். கொடுக்க மனம் வரவில்லை. அந்த மூடியை அப்படி இறுக்கி மூடியது பைண்டரின் மனைவி. ஊருக்குப் போகிற அன்று காலையில் மூடினாள். அதற்குப் பிறகு அந்தப் பாட்டிலை யாரும் தொடவில்லை. இறுக்கி மூடுவது அவள் வேலை, திறப்பது அவர் வேலை என்று பதினாறு வருஷமாக அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது.

பைண்டர் என்பது அவர் பெயரல்ல, தொழில். கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் புத்தகம் கட்டுகிறவர். துளை போடும் மெஷினின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே அழுத்த வேண்டும், தூக்க வேண்டும், மறுபடி அழுத்த வேண்டும். ஆராய்ச்சி மாணவர்கள் ஆய்வேடு கொடுக்கிற மாதம் வந்துவிட்டால் ஒரு நாளைக்கு ஆயிரம் தடவையாவது அழுத்துவார். மற்றவர்கள் எழுதிய அறிவெல்லாம் அவருடைய மணிக்கட்டு வழியாகத்தான் வெளியே போனது. இத்தனை வருஷம் பொறுத்த மணிக்கட்டு இப்போது கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தது.

மனைவியின் தங்கைக்கு இரட்டைக் குழந்தை. "ரெண்டு மாசம் கூட இருந்து பாத்துட்டு வந்துடறேங்க" என்று போனவள். இது ஐந்தாவது மாதம்.

இவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பேச்சை எடுக்காமல் இருக்க இருவரும் எப்போதோ பழகிவிட்டார்கள். அதனால்தான் 'எப்போ வருவே?' என்று கேட்க அவருக்கு நாக்கு எழவில்லை. ஒன்றுக்கு இரண்டாகக் குழந்தைகள் கிடைத்த வீட்டை விட்டுவிட்டு, ஒரு பைண்டரும் ஒரு அலமாரியும் இருக்கிற வீட்டுக்கு எவள் வருவாள்? 'வா' என்று சொன்னால் அவள் மடியிலிருந்து குழந்தையைப் பிடுங்குகிற மாதிரி இருக்காதா? ஆகவே அவள் எதைக் கேட்டாலும் அவர் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "உன் இஷ்டம்."

தினமும் மாலை ஏழு மணிக்கு அவள் வீடியோவில் வருவாள். போனை எதிலோ சாய்த்து வைத்திருப்பாள்; முகம் மட்டும்தான் தெரியும். இரண்டு கையிலும் குழந்தை இருக்கும் போலிருக்கிறது என்று அவராகவே நினைத்துக்கொள்வார்.

அன்று அவள் முகத்தில் வழக்கத்துக்கு மாறாக ஒரு தெளிச்சி இருந்தது.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அதுக்கு முன்னாடி, என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டி."

"வெறும் ரொட்டியா? ஜாம் இருக்குமே."

"மூடி திறக்க வரல. கை வலிக்குது."

முகத்தில் இருந்த தெளிச்சி அப்படியே நின்றது. "எந்தக் கை?"

"வலது கை. மணிக்கட்டு. கட்டை விரல் பக்கமா."

"கட்டை விரலை உள்ளங்கைக்குள்ள மடக்கி, மத்த நாலு விரலால மூடிக்கங்க. மூடிட்டீங்களா? அப்படியே முஷ்டியைச் சுண்டு விரல் பக்கமா சாய்ங்க."

சாய்த்தார். "அம்மாடி!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடி வீட்டு டீச்சர் ஜன்னலைத் திறந்தார்.

"அதேதான்" என்றாள் மனைவி.

"எதேதான்?"

"கட்டை விரலை இழுத்துப் பிடிக்கிற தசைநார் ஒண்ணு மணிக்கட்டு வழியா போகுதுங்க. அதைச் சுத்தி ஒரு உறை இருக்கும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செஞ்சா அந்த உறை வீங்கிடும். அப்புறம் ஒவ்வொரு தடவை விரலை அசைக்கும்போதும் உரசும்."

பைண்டர் வாயைப் பிளந்தார். "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"இங்க... பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வந்துச்சு" என்றாள். பிறகு குரல் இறங்கியது. "ரொம்ப வலிக்குதா?"

உண்மையில் கொஞ்சம்தான் வலித்தது. ஆனால் அந்தக் கேள்வியை அவரிடம் யாராவது கேட்டு ஐந்து மாதமாகியிருந்தது.

"உயிர் போகுது" என்றார்.

அவள் கண் கலங்கியது. பைண்டருக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அடுத்த வார்த்தை 'நாளைக்கே கிளம்பி வரேன்' என்பதுதான் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"கைப்பட்டை வாங்கிப் போடுங்க. கட்டை விரலையும் சேத்துப் பிடிக்கிற மாதிரி. துணி பிழியாதீங்க. எதைத் தூக்கினாலும் உள்ளங்கையை மேல பாத்த மாதிரி வெச்சு, ரெண்டு கையாலயும் தூக்குங்க" என்றாள்.

"சரி. ஏதோ சொல்லணும்னியே?"

"ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்றேன்."

மறுநாள் பைண்டர் கைப்பட்டையோடு கடைக்குப் போனார். பட்டை மணிக்கட்டை நன்றாகத்தான் பிடித்தது. பிடித்த பிடியில் மெஷினின் கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை. இடது கையால் அழுத்தினார். மெஷினுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று அழுத்தினால் சுலபமாக இருந்தது. இரண்டு மணி நேரத்தில் ஆறு ஆய்வேடுகளைக் கட்டி அடுக்கிவிட்டு, இடது கைக்கும் திறமை உண்டு என்று பெருமையோடு டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது முதலாளி ஒரு ஆய்வேட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். எதிரே ஒரு ஆராய்ச்சி மாணவி, அழுவதா கத்துவதா என்று முடிவு செய்யாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"யோவ் பைண்டர், இந்தம்மா ஆறு வருஷம் கஷ்டப்பட்டு எழுதினது. முடிவுரை முதல் பக்கத்துல வருதேய்யா! எதிர்ப்பக்கம் நின்னு இடது ஓரத்துக்குப் பதிலா வலது ஓரத்துல துளை போட்டிருக்க!"

"படிக்கிறவங்களுக்கு நேரம் மிச்சம்தானே முதலாளி" என்றார் பைண்டர், வாய் தவறி.

ஆறும் முதல் பக்கத்திலிருந்து மறுபடி அச்சாக வேண்டியதாயிற்று. முதலாளி கெட்டவர் அல்ல. கை சரியாகும்வரை மெஷின் பக்கமே போகாதே என்று சொல்லி, லேசான வேலையாகக் கொடுத்தார். பக்கம் எண்ணுகிற வேலை. கட்டை விரலை ஈரம் செய்து சரக் சரக் என்று தாள்களைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். இருக்கிற பத்து விரல்களில் எந்த விரலுக்கு ஓய்வு வேண்டுமோ, அந்த ஒரு விரலுக்கு மட்டும் வேலை. அன்று மாலை காபி டம்ளரைத் தூக்கும்போது டம்ளர் அவர் கையை விட்டுப் போய்விட்டது.

இதை அவர் ஏழு மணிக்கு மனைவியிடம் சொன்னார். சொல்லும்போது டம்ளரைப் பாத்திரமாக்கிக்கொண்டார்.

"சமைக்கவே முடியலம்மா. பாத்திரம் கையில நிக்க மாட்டேங்குது."

இப்போதாவது வருவாள் என்று எதிர்பார்த்தார். மறுநாள் காலை ஏழரைக்கு மாடி வீட்டு டீச்சர் ஒரு கேரியரோடு வந்து நின்றார்.

"உங்க வீட்டுக்காரம்மா போன் பண்ணாங்க. இனிமே மூணு வேளையும் எங்க வீட்டுலேருந்துதான். காய்கறி மிச்சம் வைக்கக் கூடாது. எனக்கு அது பிடிக்காது."

முப்பது வருஷம் வீட்டுப்பாடம் திருத்தியவர். கேரியரைத் திரும்ப வாங்கும்போது ஒவ்வொரு அடுக்காகத் திறந்து பார்த்தார். பைண்டர் கைகட்டி நின்றார்.

அடுத்து, துவைக்க முடியவில்லை என்றார். பத்து நாளில் ஒரு வண்டி வந்து வாசலில் நின்றது. அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை வீட்டுக்காரர், தன் வீட்டிலிருந்த பழைய வாஷிங் மெஷினை அனுப்பி வைத்திருந்தார். 'அண்ணாவுக்கு' என்று அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது.

வீடு பெருக்க முடியவில்லை என்று சொல்ல வாயெடுத்தார். பெருக்குகிற மெஷின் வந்துவிடுமோ என்று பயந்து மூடிக்கொண்டார்.

அன்று மாலை வாஷிங் மெஷின் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அது சுற்றுவதைப் பார்த்தார். உள்ளே அவருடைய இரண்டு சட்டைகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. அவள் புடவை ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்து, அழுக்கே இல்லாததைத் துவைக்கலாமா என்றுகூட யோசித்தார். சாப்பாடு வந்துவிட்டது, மெஷின் வந்துவிட்டது, கைப்பட்டை வந்துவிட்டது, தைலம் வந்துவிட்டது. அந்த வீட்டில் இப்போது அவள் ஒருத்திதான் இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போனால் குரங்காக முடியும் என்பார்கள். இவருக்குக் குரங்குகூட வரவில்லை, வாஷிங் மெஷின்தான் வந்தது.

சரி, வலி போதவில்லை போலிருக்கிறது என்று முடிவு செய்தார். வலியை ஏற்றினார்.

"முழங்கை வரைக்கும் வந்துடுச்சும்மா."

"முழங்கையா?" அவள் புருவத்தைச் சுருக்கினாள். "அது அங்கல்லாம் போகாதே. விரல் ஏதாவது மரத்துப் போகுதா?"

"போகுது."

"எந்த விரல்?"

இது பரீட்சையில் கேட்கிற கேள்வி. பைண்டர் தன் கையைப் பார்த்தார். ஐந்தில் எதைச் சொன்னாலும் யாராவது வந்து நிற்பார்கள் என்று தோன்றியது.

"சுண்டு விரல்" என்றார்.

"அப்ப அது வேற நரம்பு. நேத்து நடு விரல் வலிக்குதுன்னு சொன்னீங்களே?"

"நேத்து நடு விரல். இன்னைக்குச் சுண்டு விரல். நகர்ந்துகிட்டே இருக்கு."

அதற்குப் பிறகு கழிவுத் தாளில் ஒரு பட்டியல் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். திங்கள், மோதிர விரல், எரிச்சல். செவ்வாய், முழங்கை, குத்தல். பொய் சொல்கிறவனுக்குக் கையெழுத்து நன்றாக இருந்தும் பயனில்லை. இரண்டு மாதம் இப்படியே ஓட்டியவர், ஒரு புதன்கிழமை செவ்வாயைப் படித்துவிட்டார். மனைவி பயந்துபோய், அவரைப் பிசியோதெரபி பார்க்கிற இடத்துக்குப் போகச் சொல்லி, நேரமும் வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். அவர் கையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். கட்டை விரலை மடக்கிச் சாய்க்கச் சொன்னாள். பைண்டர் "அம்மாடி" சொல்லத் தயாராக மூச்சை இழுத்துக்கொண்டு சாய்த்தார். வலிக்கவில்லை. மறுபடி சாய்த்தார். சத்தியமாக வலிக்கவில்லை.

"நல்லா ஆயிடுச்சே சார்! வீட்டுலேயே ஏதாவது பண்ணீங்களா?"

"சம்சாரம் சொல்லிக்கொடுத்தா. காலைல வெந்நீர் ஒத்தடம், பட்டை போட்டுக்கிட்டுத் தூங்கறது, அப்புறம் கட்டை விரலை மெதுவா நீட்டி மடக்கறது. தினமும் ஏழு மணிக்குப் போன்ல நின்னு பண்ண வைப்பா."

"அவங்க என்ன, இந்தப் படிப்புப் படிச்சவங்களா? ஒரு தப்புகூட இல்ல. கொடுத்து வெச்சவர் சார் நீங்க."

ஏழு மணி ஆனதும் சின்னப் பிள்ளை மாதிரி போன் முன்னால் நின்று, அவள் சொல்லச் சொல்ல விரலை நீட்டி மடக்கிய மாலைகளெல்லாம் அவர் நினைவுக்கு வந்தன. ஒரு நாளும் தவறாமல் செய்தார். அவள் சொன்னாள் என்பதற்காகவே செய்தார். செய்து செய்து, இருந்த ஒரே சாக்கையும் குணமாக்கிக்கொண்டுவிட்டார்.

"மேடம்," என்றார் தயங்கித் தயங்கி, "இன்னும் கொஞ்சம் வலி பாக்கி இருக்கற மாதிரி ஒரு சீட்டு எழுதித் தர முடியுமா?"

அந்தப் பெண் அவரை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள்.

மனிதனுக்கு ஆசை வந்துவிட்டால் தொழிலும் கூடவே வந்து கைகொடுக்கிறது. மறுநாள் மதியம் முதலாளி சாப்பிடப் போயிருந்த நேரத்தில், பைண்டர் கெட்டி அட்டையை எடுத்தார். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அளந்து வெட்டினார். பஞ்சு சுற்றினார், புத்தக முதுகில் ஒட்டுகிற வெள்ளைக் காலிகோ துணியை ஒட்டினார், ஓரங்களை மடித்துப் பிசிறில்லாமல் தேய்த்தார். பதினெட்டு வருஷ அனுபவம் வீண்போகவில்லை. அவ்வளவு அழகான மாவுக்கட்டை எந்த ஆஸ்பத்திரியிலும் போட்டிருக்க மாட்டார்கள். பழக்க தோஷத்தில் மணிக்கட்டுப் பக்கம், புத்தகத்துக்கு வைக்கிற சிவப்பு அடையாள நாடா ஒன்றையும் வைத்து ஒட்டிவிட்டதைக் கவனிக்கவில்லை.

ஏழு மணிக்கு மனைவி போனுக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து அதைப் பார்த்தாள்.

"என்னங்க இது, புத்தகம் மாதிரி இருக்கு? அது என்ன சிவப்பா ஒரு நாடா தொங்குது?"

"அது... உள்ள மருந்து இருக்கு. அங்கதான் இழுக்கணும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். "ஆபரேஷன் பண்ணணுமாம். வியாழக்கிழமை."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பின்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது, அதோடு போட்டி போட்டுக்கொண்டு இன்னொன்றும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது சொல்லுவாள் என்று பைண்டர் காத்திருந்தார்.

"தங்கச்சி வீட்டுக்காரரை அனுப்பறேன்" என்றாள் கடைசியில். "ஒரு மாசம் லீவு போடச் சொல்றேன். கூடவே இருந்து பாத்துக்குவார்."

சகலை தங்கமான மனுஷன்தான். ஆனால் பைண்டர் ஏங்கியது சகலைக்காக அல்ல.

"நீ?" என்று கேட்டுவிட்டார். பதினாறு வருஷத்தில் அவர் கேட்ட மிகப் பெரிய கேள்வி அது.

அவள் கீழே பார்த்தாள். "நான் வந்து என்னங்க பண்ணப் போறேன்?" என்றாள். உடனே போன் நின்றுவிட்டது.

அன்று பைண்டர் சாப்பிடவில்லை. கேரியரை அப்படியே திருப்பிக் கொடுத்தார். டீச்சர் அடுக்குகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் வந்து என்ன பண்ணப் போறேன். சரிதான். இங்கே வந்து என்ன பண்ணுவாள்? பாத்திரம், துணி, அலமாரி. அங்கே மடி நிறையக் குழந்தைகள். அவள் தவறாக ஒன்றும் சொல்லிவிடவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். இருந்தாலும் அந்த வார்த்தை முள்ளாகக் குத்தியது.

காலையில் கட்டைக் கழற்றலாம் என்று பார்த்தால் கழலவில்லை. புத்தகம் ஒட்டுகிற பசை, நூறு வருஷத்துக்குத் தாங்கும் என்று அவரே வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார். ராத்திரியெல்லாம் விறைப்பாகவே கிடந்ததில், குணமான மணிக்கட்டு மறுபடி விண் விண் என்று தெறித்தது. கடைக்குப் போய் முதலாளி முன்னால் கையை நீட்டினார்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். தட்டிப் பார்த்தார். ஓரத்தைத் தடவினார்.

"நல்ல வேலை" என்றார். "யாருக்கு இந்த பைண்டிங்?"

பைண்டர் எல்லாவற்றையும் சொன்னார். ஜாம் பாட்டிலில் ஆரம்பித்து சகலை வரை. முதலாளி குறுக்கே பேசாமல், அட்டை வெட்டுகிற கத்தியால் கவனமாகக் கீறிக்கொண்டே கேட்டார். துணியோடு ரோமமும் சேர்ந்து வந்தபோது மட்டும் பைண்டர் கதையை நிறுத்தி "ஆ" என்றார்.

"ஏன்யா," என்றார் முதலாளி, "அட்டை வெட்டி, பஞ்சு சுத்தி, பசை தடவி இவ்வளவு பாடு பட்டியே. வான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"வரலன்னா?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். கத்தியைத் துடைத்து வைத்தார்.

மணி பதினொன்று. அந்த நேரத்தில் அவர் மனைவிக்குப் போன் செய்ததே இல்லை. கடைக்குப் பின்னால் காலி அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்த சந்தில் போய் நின்றார். முகம் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாமல், குரல் மட்டும் போகிற மாதிரி கூப்பிட்டார்.

"என்னங்க! என்ன ஆச்சு?" அவள் குரல் பதறியது.

"ஒண்ணும் ஆகல. ஆபரேஷன் எல்லாம் இல்ல. பொய் சொன்னேன். முழங்கையும் பொய், சுண்டு விரலும் பொய். கை எப்பவோ சரியாயிடுச்சு. நீ சொன்னபடி செஞ்சேன், சரியாயிடுச்சு." மூச்சு வாங்கிக்கொண்டார். "கை வலிக்காக இல்ல. எனக்கு... வீட்டுல இருக்க முடியல. நீ இல்லாம முடியல. நீ வந்துடேன்."

போன் நின்றுவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"கை நிஜமாவே சரியாயிடுச்சா?" என்றாள்.

கோபித்துக்கொள்வாள், அழுவாள் என்றெல்லாம் நினைத்திருந்தவருக்கு இந்தக் கேள்வி புரியவில்லை. "சத்தியமா."

"பாத்திரம் தேய்க்க முடியுமா?"

"முடியும்."

"துணி பிழிய?"

"முடியும்."

"ஒரு குடம் தண்ணி தூக்க?"

"ரெண்டு குடம் தூக்குவேன்."

"தலை பின்னி விட?"

"என்னது?"

"ஒண்ணுமில்ல." அவள் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா என்று தெரியவில்லை. "ஞாயித்துக்கிழமை வரேன்."

மூன்று நாளும் பைண்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடாத கையாலேயே வீட்டைக் கழுவினார். ஜன்னல் கம்பிகளைத் துடைத்தார். கதவின் கீறலுக்கு வர்ணம் பூசினார். டீச்சரிடம் கேரியரைத் தேய்த்துப் பளபளவென்று திருப்பிக் கொடுத்து, "நாளைலேருந்து வேண்டாம் டீச்சர், அவ வரா" என்றார். டீச்சர் முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியது சகலை. முதுகில் ஒரு பை, தோளில் ஒன்று, இரு கையிலும் இரண்டு பெட்டி. அவருக்குப் பின்னால் மனைவி இறங்கினாள். இளைத்திருந்தாள். தோளோடு சேர்த்து ஒரு சால்வையைப் போர்த்தியிருந்தாள். கையில் ஒரு கைப்பைகூட இல்லை.

ஓடிப் போய் அவள் எதிரே நின்ற பைண்டருக்கு, மூன்று நாளாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை. "வந்துட்டியா" என்றார்.

"வந்துட்டேன்" என்றாள். கண் நிறைந்திருந்தது.

வெளிக் கதவு சாத்தியிருந்தது. அவள் அதைத் தள்ளவில்லை. விருந்தாளி மாதிரி ஒதுங்கி நின்றாள். பைண்டர்தான் திறந்துவிட்டார். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். சால்வைக்குள்ளிருந்து கை வெளியே வரவில்லை.

"அங்க வைங்க, குடிக்கறேன்" என்றாள்.

பைண்டருக்குப் பயம் வந்துவிட்டது. தன் வீட்டுக் கதவைத் தொடவில்லை, தன் வீட்டுத் தண்ணீரை வாங்கவில்லை. பெட்டியை அவள் தூக்கவில்லை என்றால், தங்குவதற்கு வந்தவள் இல்லை. கிழவன் மாதிரி போனில் அழுதாரே என்று பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறாள். கூட்டிக்கொண்டு திரும்பத்தான் சகலையும் வந்திருக்கிறார். மூன்று நாள் இருப்பாளா? நாலு நாள்? குழந்தைகள் ஏங்கிப் போகுமே, அதற்கு மேல் எப்படி இருப்பாள்?

சமையலறைக்குள் போய் அடுப்பைப் பற்ற வைத்தார். சகலை பெட்டிகளை இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"காபி போடறீங்களா அண்ணா? அண்ணிக்கும் போடுங்க. நானே ஆத்திக் குடுத்துடறேன்."

பைண்டர் பால் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே, குரல் கூடத்துக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டார்: "மறைக்காம சொல்லுங்க. அவளை எப்போ திரும்பக் கூட்டிட்டுப் போகப் போறீங்க?"

சகலை கூடத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

"திரும்பவா? அண்ணி சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க; ரெட்டைப் பிள்ளைங்களைத் தூக்கித் தூக்கி ரெண்டு மணிக்கட்டும் போயி, இனிமே அவர்கிட்டயே போயிடறேன்னு மூணு மாசம் முன்னாடியே பெட்டி கட்டிட்டாங்கண்ணா, அன்னைக்குச் சாயங்காலம் பாத்து நீங்க கை வலி உயிர் போகுதுன்னு சொன்னீங்க, 'அவருக்கே முடியல, இந்தக் கையோட நான் வேற போயி அவருக்குப் பாரமா இருக்கணுமா'ன்னு அழுதுகிட்டே எல்லாத்தையும் பிரிச்சு வெச்சுட்டாங்க."